பசிக்கு எல்லை வகுத்த மார்க்கம்
ரமலான் நோன்பின் விதிகளும் விலக்குகளும்

மதீனத்துப் பள்ளிவாசலில் நபிகள் நாயகம் அவர்கள் தோழர்கள் சூழ வீற்றிருந்த ஒரு ரமலான் நாளில், ஏழை ஒருவர் பதைபதைத்து வந்து, தாம் நாசமாகிப் போனதாக முறையிட்டார். நேர்ந்தது என்னவென்று வினவியபோது, நோன்பு நோற்றிருந்த பகற்பொழுதில் மனையாளைக் கூடிவிட்டதாகச் சொன்னார். அடிமை ஒருவரை விடுதலை செய்ய இயலுமா என்று நாயகம் கேட்டார்கள், இயலாது என்றார். இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பு நோற்க முடியுமா என்றார்கள், முடியாது என்றார். அறுபது ஏழைகளுக்கு உணவளிக்க வசதியுண்டா என்றார்கள், அதுவுமில்லை என்றார். சற்று நேரத்தில் எவரோ ஒரு கூடைப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைக்க, அதை அவரிடமே கொடுத்துத் தர்மம் செய்துவிடும்படி நாயகம் கூறினார்கள். மதீனாவின் இரு கருங்கல் வெளிகளுக்கும் இடையே தம் குடும்பத்தைவிட வறிய குடும்பம் ஒன்றில்லையே, இதை வேறு யாருக்குக் கொடுப்பது என்று அம்மனிதர் கேட்டார். பற்கள் தெரியும்படி நாயகம் சிரித்தார்கள். அப்படியானால் உம் குடும்பத்தாருக்கே உண்ணக் கொடும் என்று அனுப்பிவைத்தார்கள்.

நபிமொழிகளாகிய ஹதீஸ்களின் தொகுப்புகளுள் தலையாயனவாகிய புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ள இந்நிகழ்ச்சி, இஸ்லாமிய நோன்புச் சட்டம் முழுவதற்கும் முகவுரையாக நிற்கத் தகுந்தது. குற்றம் குற்றமென்றே கொள்ளப்பட்டது. அதற்குரிய பிராயச்சித்தம் படிப்படியாக எடுத்துரைக்கப்பட்டது. ஆயினும் அதைச் செலுத்தச் சக்தியற்றவன் நசுங்கிப் போக விடப்படவில்லை. முடிவில் யாரோ ஒருவருடைய பசி ஆறியது. நோன்பைப் பற்றி ஃபிக்ஹு எனப்படும் சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக விவரிக்கும் சட்டங்களைப் புறத்தே நின்று நோக்குவோர்க்கு அவை ஓயாத தடைகளின் பட்டியலாகத் தோன்றலாம். உள்ளே புகுந்து நோக்கினால், பட்டினி இவ்விடத்தில் தொடங்கி இவ்விடத்தில் முடியவேண்டும், இதைக் குறைப்பதும் பிழை, இதற்குமேல் நீட்டுவதும் பிழை என்று பசிக்கு இருபுறமும் எல்லைக்கல் நாட்டிய ஒரு நியமமே அங்குக் காணக் கிடைக்கும்.

கடமையான வரலாறு

மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த இரண்டாம் ஆண்டில், அதாவது கி.பி. 624இல், ரமலான் மாத நோன்பு முஸ்லிம்கள்மீது ஃபர்ளாக, விலக்கவியலாத கடமையாக, விதிக்கப்பட்டது. அதற்கு முன் முஹர்ரம் மாதத்து ஆஷூரா நோன்பு வழக்கத்தில் இருந்தது. ரமலான் வந்தபின் அது விரும்பியவர் நோற்கும் சுன்னத்தாக நின்றது. உங்களுக்கு முன் இருந்த சமுதாயத்தாருக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 183ஆம் வசனம் தெரிவிப்பதால், உபவாசம் என்பது தனக்கே உரிய புதுமை என்று இஸ்லாம் உரிமை கொண்டாடவில்லை என்பது விளங்கும். அதே அத்தியாயத்தின் 183 முதல் 187 வரையுள்ள ஐந்து வசனங்களில், நோன்பின் நோக்கம், மாதம், நோயாளிக்கும் பிரயாணிக்கும் உரிய சலுகை, பகலின் வரம்பு, இரவின் அனுமதி ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. பின்னாளைய சட்ட அறிஞர்கள் எழுதிய பெருநூல்கள் யாவும் இவ்வைந்துக்கும் நபிமொழிகளுக்கும் எழுந்த விரிவுரைகளே.

தொடக்க காலத்தில் நியமம் இன்றிருப்பதைவிடக் கடுமையாக இருந்தது. சூரியன் மறைந்தபின் உண்ணலாம். ஆனால் உண்ணாமல் உறங்கிவிட்டால், விழித்தபின் மறுநாள் அஸ்தமனம் வரை எதையும் தொடக்கூடாது. கைஸ் இப்னு ஸிர்மா என்னும் அன்சாரித் தோழர், பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் வீடு திரும்பி உணவு கேட்டார். வீட்டில் ஏதுமில்லாமையால் தேடிக்கொண்டு வருவதாக மனைவி வெளியே செல்ல, அவள் திரும்புவதற்குள் அவர் அயர்ந்து உறங்கிவிட்டார். உண்ணாமலே அடுத்த நோன்பையும் தொடர்ந்தவர் நண்பகலில் மூர்ச்சித்து விழுந்தார். இதன்பின் அருளப்பெற்ற 187ஆம் வசனம், இரவு முழுவதும் உண்பதற்கும் பருகுவதற்கும் இல்லறம் நடத்துவதற்கும் உரிய நேரமென அனுமதித்து, வைகறையின் வெண்கீற்று இரவின் கருங்கீற்றினின்றும் பிரிந்து தெரியும் கணத்தை எல்லையாக்கியது. வசனத்தில் வரும் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் மெய்யான நூல்களென்றே கருதி, அதீ இப்னு ஹாத்திம் என்ற தோழர் தலையணைக்கடியில் இரண்டு கயிறுகளை வைத்துக்கொண்டு இரவில் எடுத்தெடுத்துப் பார்த்ததும், அவை இரவின் இருளையும் பகலின் ஒளியையும் குறிப்பன என்று நாயகம் தெளிவுறுத்தியதும் ஹதீஸ் நூல்களில் உண்டு.

பிறை காணுதல்

இஸ்லாமிய ஆண்டு சந்திரமானத்தைச் சார்ந்தது. அதற்கு 354 அல்லது 355 நாட்களே. இடையே அதிகமாதம் சேர்த்துச் சரிசெய்யும் வழக்கம் குர்ஆனால் விலக்கப்பட்டதால், ரமலான் மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. கத்திரி வெயிலில் நோன்பு நோற்ற இளைஞன், நடுவயதை எட்டுமுன்பே ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் அதே நோன்பை நோற்றிருப்பான். எந்த நாட்டாருக்கும் நெடும்பகல் நிரந்தரச் சுமையாகவோ குறும்பகல் நிரந்தரச் சலுகையாகவோ ஆகாமல், உலகத்தார் அனைவருக்கும் சிரமமும் எளிமையும் முறைவைத்துப் பங்கிடப்படுகின்றன.

ஷஅபான் மாதத்தின் 29ஆம் நாள் மாலையில் மேற்கு வானில் பிறை தென்பட்டால் மறுநாள் நோன்பு. மேகம் மறைத்தால் ஷஅபானை முப்பதாக நிறைவு செய்துகொள்ள வேண்டும் என்பது நபிமொழி. ரமலான் பிறைக்கு நம்பகமான ஒருவரின் சாட்சியமே போதுமென்றும், பெருநாளைக் கொணரும் ஷவ்வால் பிறைக்கு இருவர் தேவையென்றும் ஷாஃபிஈ மத்ஹபின், அதாவது ஷாஃபிஈ சட்டப் பிரிவின், நூல்கள் கூறுகின்றன. வணக்கத்துக்குள் நுழைவதற்கு எளிய பிரமாணமும், அதிலிருந்து வெளியேறுவதற்கு வலுத்த பிரமாணமும் கேட்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அரசாங்கத்தால் நியமிக்கப்பெற்ற தலைமைக் காஜியும், இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் கூடியும் பிறை பற்றிய அறிவிப்பை வெளியிடுகின்றனர். ஒரு நாட்டில் கண்ட பிறை மற்றொரு நாட்டைக் கட்டுப்படுத்துமா, வானியல் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்ற வாதங்கள் ஆண்டுதோறும் எழுந்து, ஒரே ஊரில் இருவேறு நாட்களில் பெருநாள் கொண்டாடும் நிலைமையையும் சில வேளை விளைவிக்கின்றன.

சங்கற்பமும் பொழுதும்

உணவின்றியிருப்பது மட்டுமே நோன்பாகிவிடாது. இறைவனுக்காக என்ற எண்ணம் நெஞ்சில் இருக்கவேண்டும். நிய்யத்து எனப்படும் இச்சங்கற்பமின்றி நாளெல்லாம் பட்டினி கிடந்தாலும் அது வெறும் பட்டினியே. ரமலான் நோன்புக்கு ஒவ்வோர் இரவிலும் வைகறைக்கு முன்பே நிய்யத்து வைத்தாகவேண்டும் என்பது இமாம் ஷாஃபிஈயின் தீர்ப்பு. பகலின் முற்பாதி கழிவதற்குள் வைத்துக்கொண்டாலும் செல்லும் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. மாதத் தொடக்கத்தில் ஒருமுறை வைத்தால் மாதம் முழுவதற்கும் போதும் என்பது மாலிகீ மத்ஹபின் கருத்து. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபீ மத்ஹபும் வழங்குவதால், இந்நுட்பங்கள் தமிழ் முஸ்லிம்களின் அன்றாட வாழ்விலும் பேசப்படுவன. ரமலான் இரவுகளுக்குரிய தராவீஹ் தொழுகை முடிந்ததும் இமாம் நிய்யத்தின் வாசகத்தை அரபியிலும் தமிழிலும் சொல்லிக்கொடுக்க, ஜமாஅத்தார் கூடச்சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் நிலவுகிறது.

நோன்பின் பகல், உண்மை வைகறையாகிய சுப்ஹு ஸாதிக்கில் தொடங்கிச் சூரியாஸ்தமனத்தில் முடிகிறது. நம் நாட்டில் அவ்வைகறை, சூரியன் உதிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்பே வந்துவிடும். அதற்கு முன் உண்ணும் ஸஹர் உணவு வெறும் அனுமதியன்று, சுன்னத்து. அதில் அபிவிருத்தி உண்டென்றும், ஒரு மிடறு தண்ணீரேனும் அருந்தி அதை நிறைவேற்றலாமென்றும் நபிமொழிகள் தெரிவிக்கின்றன. அதை நள்ளிரவிலேயே முடித்துவிட்டுப் படுப்பதைக் காட்டிலும் வைகறையை ஒட்டிப் பிற்படுத்துவதே மேலானது. நாயகம் ஸஹர் உண்டதற்கும் தொழுகைக்கு எழுந்ததற்கும் இடையே ஐம்பது வசனங்கள் ஓதும் நேரமே இருந்ததாகத் தோழர் ஸைத் இப்னு ஸாபித் அறிவித்திருக்கிறார். இவ்வேளையில் மக்களை எழுப்புவதற்காக, பக்கீர்மார்கள் தப்ஸை முழக்கிப் பைத்துப் பாடித் தெருத்தெருவாக வந்த காலமும், பள்ளிவாசலின் நகரா அதிர்ந்த காலமும் ஒலிபெருக்கிக்கும் கைப்பேசிக்கும் வழிவிட்டு விலகி வருகின்றன.

ஸஹரைப் பிற்படுத்துவது சிறப்பு எனில், நோன்பு திறப்பதை விரைவுபடுத்துவது சிறப்பு. சூரியன் மறைந்தது உறுதியானபின் பேணுதல் என்ற பெயரில் மேலும் காத்திருப்பது புண்ணியமாகாது. புதிய பேரீச்சங்கனி, அது இல்லையேல் உலர்ந்த பழம், அதுவும் இல்லையேல் சில மிடறு தண்ணீர் என்பதே நாயகம் நோன்பு திறந்த முறை. முன்னெல்லையைப் பின்னே தள்ளியும் பின்னெல்லையை முன்னே இழுத்தும், பசியின் கால அளவு விதித்த வரம்புக்குமேல் ஒரு நிமிஷமும் நீளாதபடி இவ்விரு சுன்னத்துகளும் காக்கின்றன.

முறிப்பனவும் முறிக்காதனவும்

தெரிந்தே உண்பதும் பருகுவதும், தாம்பத்தியமும், வேண்டுமென்றே வாந்தி எடுப்பதும், உடலின் திறந்த துவாரங்கள் வழியே ஒரு பொருளை உட்செலுத்துவதும் நோன்பை முறிக்கும். பெண்களுக்கு மாதவிடாயோ பிரசவ உதிரமோ தொடங்கினால், அஸ்தமனத்துக்கு ஒரு கணம் முன்னதாயினும், அன்றைய நோன்பு முறிந்துவிடும். மறதியாக உண்டவரின் நோன்பு முறியாது. அவருக்கு உணவளித்தவன் இறைவனே என்பது நபிமொழியின் கருத்து. மாலிகீ மத்ஹபு மட்டும் அவர் பின்னொரு நாள் அதற்கு ஈடாக நோற்று, களாச் செய்யவேண்டும் என்று கூறும். தானாக வந்த வாந்தி, உமிழ்நீரை விழுங்குதல், குளித்தல், உறக்கத்தில் நேரும் ஸ்கலிதம், சுர்மா இடுதல் ஆகியவற்றால் நோன்புக்குப் பங்கமில்லை. சமைப்பவர் உப்புப் பார்க்க நாவில் இட்டு உமிழ்ந்துவிடுவதும் அவசியமெனில் அனுமதிக்கப்பட்டதே. மிஸ்வாக்குக் குச்சியால் பல் துலக்குவது எந்நேரமும் நன்று என்பர் ஹனஃபீகள். நண்பகல் சாய்ந்தபின் அது மக்ரூஹ், விரும்பத்தகாதது, என்பர் ஷாஃபிஈகள்.

முறித்தவர் அனைவரும் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை. தக்க காரணத்தால் விட்டவர் நாளுக்கு நாள் களாச் செய்தால் போதும். ரமலான் பகலில் தாம்பத்தியத்தில் ஈடுபட்டவருக்குக் களாவோடு, தொடக்கத்தில் கண்ட பிராயச்சித்தமாகிய கஃப்பாராவும் உண்டு. காரணமின்றி வேண்டுமென்றே உண்டு பருகியவருக்கும் இக்கஃப்பாரா உண்டென ஹனஃபீ, மாலிகீ அறிஞர்களும், அவர் பெரும்பாவியாயினும் களாவும் பாவமன்னிப்புமே அவர்மீதுள்ளவை என ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர்களும் உரைப்பர். எப்படியாயினும், நோன்புச் சட்டத்தின் ஈடுகள் அரசாங்கக் கருவூலத்துக்குச் செலுத்தும் அபராதங்களல்ல என்பது கவனிக்கத் தக்கது. மனிதனை விடுவித்தல், மீண்டும் நோற்றல், ஏழைக்கு உணவளித்தல் என்ற மூன்றே அவை.

சலுகையும் சட்டமே

சிறுவர்க்கும் சித்தசுவாதீனமற்றவர்க்கும் நோன்பு கடமையன்று. நோயாளியும் பிரயாணியும் நோன்பை விட்டுப் பின்னர் எண்ணிக்கையை நிறைவு செய்யலாம் என்பதைக் குர்ஆன் அடுத்தடுத்த இரு வசனங்களில் இருமுறை கூறி, இறைவன் உங்களுக்கு எளிமையையே விரும்புகிறான், சிரமத்தை விரும்பவில்லை என்ற கருத்தையும் உடன் சேர்த்திருக்கிறது. நோற்கச் சக்தியற்ற முதியோரும், குணமடையும் நம்பிக்கையற்ற நோயாளரும் ஒரு நோன்புக்கு ஓர் ஏழையின் உணவு வீதம் ஃபித்யாக் கொடுத்தால் கடமை தீர்ந்தது. ஷாஃபிஈ நூல்களின்படி அதன் அளவு ஒரு முத்து என்னும் அளவுத் தானியம். அதாவது நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு.

கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் தமக்கோ குழந்தைக்கோ தீங்கு நேருமென அஞ்சினால் நோன்பை விட்டுவிடலாம். தமக்காக அஞ்சினால் களா மட்டும், குழந்தைக்காக மட்டும் அஞ்சினால் களாவோடு ஃபித்யாவும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரண்டிலும் களா மட்டுமே என்பது ஹனஃபீ மத்ஹபு. மாதவிடாய்க் காலத்தில் பெண் நோன்பு நோற்பது தடுக்கப்பட்டது. விடுபட்ட நோன்புகளைப் பின்னர் அவள் களாச் செய்யவேண்டும், விடுபட்ட தொழுகைகளைச் செய்யவேண்டியதில்லை. நாளுக்கு ஐந்து முறை வரும் தொழுகையைத் திரும்பச் செய்வது பெரும் சுமையாகும், ஆண்டுக்கு ஒரு மாதம் வரும் நோன்பில் சில நாட்களைத் திரும்ப நோற்பது இயலக்கூடியதே என்று இதற்கு அறிஞர்கள் காரணம் காட்டுவர்.

இச்சலுகைகளை மார்க்கம் ஏதோ மனமின்றி விட்டுக்கொடுத்ததாக எண்ணுவோர்க்கு விடையாகப் பல நிகழ்ச்சிகள் உள்ளன. ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு ரமலானில் மக்காவை நோக்கிப் படையுடன் புறப்பட்ட நாயகம், கதீத் என்னுமிடத்தை அடைந்ததும், மக்கள் அனைவரும் காணும்படி நோன்பை முறித்தார்கள். மற்றொரு பிரயாணத்தில், கூட்டம் சூழ்ந்து நிழல் பிடிக்க ஒருவர் சோர்ந்திருப்பதைக் கண்டு, அவர் நோன்பாளி என்றறிந்தபோது, பிரயாணத்தில் இப்படி நோன்பு நோற்பது நற்செயலாகாது என்று கண்டித்தார்கள். வேறொரு முறை, கடும் வெயிலில் நோன்பாளிகள் களைத்து விழ, நோன்பு நோற்காதவர்கள் எழுந்து கூடாரம் அடித்து ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அன்றைய நற்கூலி முழுவதையும் நோன்பில்லாதவர்களே அள்ளிச் சென்றுவிட்டார்கள் என்று நாயகம் கூறியதைத் தோழர் அனஸ் அறிவித்திருக்கிறார்.

மிகைக்கும் தடை

குறைவைத் தடுத்த சட்டம் மிகையையும் அதே கண்டிப்போடு தடுத்தது. இரு பெருநாட்களிலும், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த மூன்று நாட்களிலும் நோன்பு நோற்பது ஹராம். ரமலான் பிறந்துவிட்டதோ என்ற ஐயமுள்ள நாளில் முன்னெச்சரிக்கையாக நோன்பு பிடிப்பதும் விலக்கப்பட்டது. இரவிலும் உண்ணாமல் இரண்டு மூன்று நாட்களைச் சேர்த்து நோற்கும் விஸால் நோன்பை நாயகம் தம் தோழர்களுக்குத் தடை செய்தார்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாய் இருந்த அபுத்தர்தா என்னும் தோழரின் வீட்டுக்கு விருந்தாக வந்த மற்றொரு தோழர் ஸல்மான், அவரை வற்புறுத்தி நோன்பை முறிக்கச் செய்து உண்ணவைத்து, இறைவனுக்கும் தேகத்துக்கும் மனைவிக்கும் அவரவர்க்குரிய உரிமை உண்டென உரைத்தபோது, ஸல்மான் கூறியதே உண்மை என்று நாயகம் ஒப்பினார்கள்.

வாழ்நாள் முழுவதும் நோன்பு நோற்பதாகச் சபதம் செய்த இளைஞர் அப்துல்லாஹ் இப்னு அம்ரை அழைத்து, மாதத்துக்கு மூன்று நாட்கள் போதும் என்று நாயகம் சொன்னார்கள். தம்மால் இன்னும் முடியும் என்று அவர் மன்றாட மன்றாட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோற்ற தாவூது நபியின் நோன்பு வரை ஏற்றி, இதைவிடச் சிறந்த நோன்பில்லை என்று நிறுத்திவிட்டார்கள். முதுமையில் தளர்ந்தபோது, அன்று நாயகம் தந்த சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று அவர் ஏங்கினார். விருப்ப நோன்புகளுக்குக் குறைவில்லை: திங்களும் வியாழனும், பிறை மாதத்தின் 13, 14, 15ஆம் நாட்கள், ஷவ்வாலின் ஆறு நாட்கள், ஹஜ்ஜில் இல்லாதவர்க்கு அரஃபா நாள், முஹர்ரம் ஒன்பதும் பத்தும் என வழி திறந்தே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அளவு உண்டு.

நாவின் நோன்பு

பொய் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் விடாதவன் உணவையும் பானத்தையும் விடுவதால் இறைவனுக்கு ஆகவேண்டியது ஏதுமில்லை என்பது நபிமொழியின் சாரம். எவரேனும் ஏசினாலும் வம்புக்கு இழுத்தாலும், நான் நோன்பாளி என்று சொல்லி விலகவேண்டும். புறம்பேசுதல் நோன்பைச் சட்டப்படி முறித்து அந்நாளைக் களாச் செய்யும் நிர்ப்பந்தத்தை உண்டாக்காது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆயினும் அதன் பலனை அது அரித்துவிடும். இந்த இடைவெளியை மிகக் கூர்மையாகக் கண்டவர், 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. வயிற்றையும் இச்சையையும் மட்டும் அடக்குவது பொதுமக்களின் நோன்பு. கண், காது, நாக்கு, கை, கால் ஆகிய எல்லா உறுப்புகளையும் பாவத்தினின்றும் காப்பது உயர்ந்தோரின் நோன்பு. இறைவனல்லாத சிந்தனையிலிருந்து நெஞ்சையே காப்பது அதிவுயர்ந்தோரின் நோன்பு என மூன்று படிகளை அவர் தமது இஹ்யா உலூமித்தீனில் வகுத்தார். பகலில் விட்டதையெல்லாம் இரவில் வட்டியோடு சேர்த்து உண்பவனுக்கு நோன்பினால் வந்த பயன் யாது என்று அவர் எழுப்பிய வினா, பதினைந்து வகைப் பலகாரங்களோடு விருந்தாகிவிட்ட இக்காலத்து இஃப்தார்களுக்கென்றே எழுப்பியது போலத் தோன்றுகிறது.

ஊர் கூடித் திறக்கும் நோன்பு

நோன்பு தனிமனிதனுக்கும் இறைவனுக்கும் இடையேயுள்ள இரகசியம். நோற்கிறானா இல்லையா என்பதை அவனன்றி எவரும் அறியார். ஆனால் அதைத் திறக்கும் வேளை ஊருக்கே பொதுவாகிறது. நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவளித்தவர், அவருடைய கூலியில் குறைவின்றி அதே அளவு கூலி பெறுவார் என்ற நபிமொழியின் தமிழ்நாட்டு வடிவமே நோன்புக் கஞ்சி. அரிசியும் பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்த்து, வசதிக்கேற்பக் கறியும் தேங்காய்ப்பாலும் கூட்டி, பள்ளிவாசலின் பெரிய தேகசாக்களில் காய்ச்சப்படும் இக்கஞ்சிக்கு, இன்னார் வீட்டுச் செலவு இன்ன நாள் என்று ஜமாஅத்தார் முறை வைத்துக்கொள்வர். தமிழ்நாட்டு அரசும் பள்ளிவாசல்களுக்கு இதற்கென அரிசி வழங்குகிறது. அஸர் தொழுகைக்குப்பின் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் சிறுவர்களிடம் அவர்கள் எந்த மதம் என்று எவரும் கேட்பதில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பள்ளிவாசலில், பிரிவினைக்குப்பின் சிந்துவிலிருந்து வந்த இந்துக்களின் மரபில் தோன்றிய மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பினர், பல்லாண்டுகளாக ரமலான் மாலைகளில் நோன்பாளிகளுக்குத் தம் கையால் உணவு பரிமாறி வருகின்றனர்.

இரவுகள் தராவீஹ் தொழுகைக்கும் குர்ஆன் ஓதுதலுக்கும் உரியவை. ஆயிரம் மாதங்களிலும் மேலானதெனக் குர்ஆன் புகழும் லைலத்துல் கத்ரு, இறுதிப் பத்தின் ஒற்றை இரவுகளுள் ஒன்றில் மறைந்திருப்பதாகக் கொள்ளப்படுகிறது. தமிழ் முஸ்லிம்கள் 27ஆம் இரவைச் சிறப்பாகப் போற்றுகின்றனர். மாதம் முடியும்போது, பெருநாள் தொழுகைக்கு முன்பாக, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் சார்பிலும் ஃபித்ரா கொடுத்தாகவேண்டும். ஷாஃபிஈ முறைப்படி அது அவ்வூரின் பிரதான உணவில் ஒரு ஸாஉ, நம்மிடையே ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி. மாதத்தின் கடைசி நாள் சூரியன் மறைவதற்கு முன் பிறந்துவிட்ட சிசுவுக்கும் ஃபித்ரா உண்டு. அன்று உலகுக்கு வந்த குழந்தையின் பெயராலும் ஓர் ஏழைவீட்டு அடுப்பு எரியவேண்டும் என்பதே ஏற்பாடு.

புதுக் காலத்து வினாக்கள்

ஏழாம் நூற்றாண்டில் வகுத்த எல்லைகள் இக்காலத்து நிலைமைகளுக்கும் ஈடுகொடுக்கின்றன. துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டிடத்தில் உயர்ந்த தளங்களில் வசிப்போருக்குச் சூரியன் தாமதித்து மறைவதால், எண்பதாம் தளத்துக்கு மேலுள்ளோர் இரண்டு நிமிஷமும், நூற்றைம்பதாம் தளத்துக்கு மேலுள்ளோர் மூன்று நிமிஷமும் பொறுத்து நோன்பு திறக்கவேண்டும் என்று 2011இல் அங்குள்ள மார்க்க அறிஞர்கள் அறிவித்தனர். 2007ஆம் ஆண்டு ரமலானில் மலேசிய வீரர் ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, பூமிக்குத் திரும்பியபின் களாச் செய்யலாம், வானிலேயே நோற்பதானால் புறப்பட்ட தளத்தின் நேரத்தைக் கொள்ளலாம் என அந்நாட்டு ஃபத்வா மன்றம் வழிகாட்டியது. சூரியன் மறையாத வடதுருவ நாடுகளில் வாழ்வோர் மக்காவின் நேரத்தையோ, இரவும் பகலும் பிரியும் அண்மை நகரின் நேரத்தையோ பின்பற்றலாம் என்று அறிஞர்கள் கூறியிருக்கின்றனர். கண்ணுக்குச் சொட்டுமருந்து, இருதய வலிக்குச் சாற்றை விழுங்காமல் நாவினடியில் வைக்கும் மாத்திரை, சத்தூட்டாத ஊசி, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தல் ஆகியவை நோன்பை முறிக்கா என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 1997இல் தீர்மானித்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது நோயாளிகளைப் பற்றியது. 2001இல் 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளரிடையே நடந்த ஆய்வில், முதல் வகையினரில் ஏறக்குறைய 43 சதவீதத்தினரும், இரண்டாம் வகையினரில் ஏறக்குறைய 79 சதவீதத்தினரும் ரமலானில் குறைந்தது பதினைந்து நாட்களாவது நோற்றனர் என்று தெரியவந்தது. மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அளவுக்குச் சர்க்கரை தாழ்வது, மற்ற மாதங்களைவிட ரமலானில் முதல் வகையினரிடம் ஐந்து மடங்கை நெருங்கியும், இரண்டாம் வகையினரிடம் ஏழு மடங்குக்கு மேலும் இருந்தது. இவர்களுள் பலருக்கு மார்க்கம் விலக்கு அளித்தே இருக்கிறது. அவ்விலக்கை ஏற்பது இறைநம்பிக்கையாகிய ஈமானின் குறைவாகுமோ என்ற தயக்கமே அவர்களைத் தடுக்கிறது. மக்காப் பயணத்தில் அத்தனை பேர் காண நாயகம் நோன்பை முறித்தது, இத்தயக்கத்தை நீக்குவதற்கன்றி வேறெதற்கு?

ஆகவே, இன்சுலின் ஊசியிட்டு வாழும் பெரியவரும், சிறுநீரகம் பழுதுபட்டவரும், கருவுற்ற மருமகளும் உள்ள வீடுகளில், ரமலான் பிறக்குமுன்பே தக்க மருத்துவரையும் ஊரின் ஆலிமையும் கலந்து, யார் நோற்பது, யார் களாச் செய்வது, யார் ஃபித்யாக் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விலக்குப் பெற்றவரை ஜாடை பேசி நோகவைக்காதீர்கள். ஃபித்யா அரிசி ஓர் ஏழையின் உலையில் ஏறும்போது, நோற்றவருடைய கடமையைப் போலவே நோற்க இயலாதவருடைய கடமையும் குறைவற நிறைவேறிவிடுகிறது.